பெரியநீலாவணையில் விட்டு வந்த பூனை

பிஸ்மில்லாஹ்.

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே ஏழு வருடங்களைத் தள்ளிவிட்டேன். முதலில், எழுதத் தெரியாது என்று சொல்லித் தப்பினேன். அது முழுப்பொய்யும் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கட்டாரில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டியபோது எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மணிக்கு வந்தேன் என்ற கணக்கு மட்டும்தான். பிறகு, ஒரு பூனையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, ஊர் சிரிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். உள்ள காரணம் வெட்கம். அதை இப்போது ஒத்துக்கொண்டுவிட்டால் மீதியை எழுதுவது சுகம்.

எங்கள் ஊர் கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே என்னைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. ‘அவர் ஐந்து நேரமும் பள்ளியில் தொழுகிறவர், அவர் கை ஏந்திக் கேட்ட துஆவினால் காணாமல் போன பூனை பெரியநீலாவணையிலிருந்து தன்னந்தனியாக நடந்து வீடு வந்து சேர்ந்தது’ என்று சொல்கிறார்கள். அஸ்தஃபிருல்லாஹ். பூனை நடந்து வரவில்லை. என் மோட்டார் சைக்கிளில் வந்தது. அது அங்கே போனதும் என் மோட்டார் சைக்கிளில்தான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யாருடைய பெயரையும் எழுதவில்லை, பூனையின் பெயரையும் கூட.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போகிறவன். நான் இருப்பதும் மனைவியின் வீடு. அவளுக்கு அவளுடைய வாப்பா கட்டிக் கொடுத்தது. ஆகவே அந்த வீட்டுக்கு நான் இரண்டு முறை புது மாப்பிள்ளையாகப் போயிருக்கிறேன். கலியாணத்தன்று ஒரு முறை. இடையில் லீவில் மட்டும் வந்து போய், பதினொரு வருடம் கட்டாரில் இருந்துவிட்டு ஒரேயடியாகத் திரும்பி வந்த அன்று இன்னொரு முறை. இரண்டாவது முறை யாரும் இனிப்புக்கு வட்டிலப்பம் தரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சீனி டின் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எந்த ஜன்னல் இறுகும், எந்தக் கதவைத் தூக்கித் திறக்க வேண்டும் என்று தெரியாது. வெளி விறாந்தையில் காற்று வருகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடந்தது. போய் உட்கார்ந்தேன்.

“இஞ்ச பாருங்க, அதுல இரிக்காதீங்க” என்றாள் மனைவி. “அது பூனைட கதிரை.”

எங்களுக்கு ஒரே ஒரு மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது. ஃபோனில் நாங்கள் இருவரும் நல்ல சிநேகிதர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அறைக்கு வந்து கோல் எடுத்தால், “வாப்பா எப்ப வாறீங்க? பெட்டிக்குள்ள எனக்கு என்ன இரிக்கி?” என்று கேட்டுக் கொண்டேயிருப்பாள். நேரில் வந்து நின்றதும் உம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். ஒரு கிழமையில் சரிவரும் என்றார்கள். மூன்று மாதமாகியும் சரிவரவில்லை. நான் கண் முன்னால் உட்கார்ந்திருக்க, அவள் உம்மாவிடம் சொல்வாள்:

“உம்மா, அவங்களுக்குத் தேத்தண்ணி வேணுமா எண்டு கேளுங்க.”

அவங்க. வீட்டுக்கு வருகிற மின்சாரக்காரரையும் அவள் அப்படித்தான் சொல்வாள். என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை ‘வாப்பா’ என்று கூப்பிட்டுவிட மாட்டாளா என்று நான் கிடந்து தவித்தேன். அந்த மாதங்களில் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கை ஏந்தி நான் கேட்டது அது ஒன்றைத்தான். வீடு கேட்கவில்லை, வாகனம் கேட்கவில்லை.

அவள் கதைத்தது பூனையோடு. சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்தது, எந்தச் சாதியும் இல்லாத தெருப் பூனை. நான் வருவதற்கு முந்திய மாரி மழையில் நனைந்துகொண்டு வந்து ஏறியதாம். பள்ளிக்கூடத்தில் யார் யாருக்கு அடி விழுந்தது என்பதிலிருந்து, மதரஸாவில் ஓதிய பாடம் வரைக்கும் எல்லாம் பூனைக்குத்தான். அது கதிரையில் இருக்கும், இவள் தரையில் இருந்து ஓதிக் காட்டுவாள். ஓரிடத்தில் பிழைத்தால், “நில்லு, திருப்பி ஓதுறன்” என்று பூனையிடம் சொல்லிவிட்டுத் திருப்பி ஓதுவாள். நான் கதவுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிள்ளைக்கு மிருகங்களில் விருப்பம், அப்படியானால் நானும் மிருகத்தைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும் என்று முடிவெடுத்தேன். இதில்தான் என் மடத்தனம் தொடங்குகிறது.

முதலில் இரண்டு சோடி லவ்பேர்ட்ஸ் வாங்கி, கூட்டோடு கொண்டு வந்தேன். பச்சை, மஞ்சள், பார்க்க மிட்டாய் மாதிரி. எங்கள் வீடு சின்னது. கூட்டைக் குசினிப் பக்கம்தான் தொங்கவிட முடிந்தது. விடிந்ததிலிருந்து பொழுதுபட்டு மஃரிப் மட்டும் ஒரே இரைச்சல். மனைவி அடுப்படியில் நின்று யாரோடும் ஃபோன் கதைக்க ஏலாமல் போய்விட்டது. பூனை கூட்டுக்குக் கீழே உட்கார்ந்தால் எழும்புவதேயில்லை, டீவி பார்க்கிற மாதிரி. மகள் கூட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு உம்மாவிடம் ஒரு கேள்விதான் கேட்டாள்.

“உம்மா, இதுகள் என்ன குற்றம் செஞ்ச?”

லவ்பேர்ட்ஸ் மனைவியின் தம்பி வீட்டுக்குப் போயின. அவர் வீட்டில் ஆறு பிள்ளைகள், இரைச்சலோடு இரைச்சலாகக் கலந்துவிட்டது. இன்றுவரை அந்த வீட்டில் யாரும் அதைக் குறை சொல்லவில்லை.

அடுத்தது மீன் தொட்டி. கட்டாரில் நான் வேலை செய்த இடத்தின் முன்னறையில் பெரிய தொட்டி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக் கொண்டிருந்தால் மனம் அடங்கும். அதை நினைத்து வாங்கினேன். ஆனால் அங்கே கரண்ட் போவதில்லை. இங்கே ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய், காற்றுக் குழாய் நின்று, நான் அஸர் தொழுதுவிட்டு வருவதற்கிடையில் பாதி மீன் மிதந்தது.

“கடல் முந்நூறு யார்டுல கிடக்கு” என்றாள் மனைவி. “நீங்க காசி குடுத்து மீன் வாங்கி, கறியும் ஆக்காம, சாகவும் விட்டிருக்கீங்க.”

மகள் சிரித்தாள். சிரிப்பும் உம்மாவைப் பார்த்துத்தான்.

அப்போதுதான் அக்கரைப்பற்றில் ஒருவர் பேர்சியன் பூனைக்குட்டி விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். பூனையைத்தான் பிள்ளை விரும்புகிறாள், பூனையிலேயே உயர்ந்ததைக் கொடுத்தால் போச்சு என்று நினைத்தேன். விலையைச் சொல்லமாட்டேன், மனைவிக்கு இன்னும் தெரியாது. வெள்ளை வெளேர் என்று, தலையணை அளவு. மூக்கு உள்ளே போய், எந்த நேரமும் யாரையோ ஏசப்போகிற டீச்சர் மாதிரி ஒரு முகம். சோறும் கீரிமீனும் கலந்து வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்காது. பெட்டியில் வருகிற தீன்தான் வேண்டும். எங்கள் ஊர் வெயிலுக்கு அது என்ன செய்யும், பாவம், சீமெந்துத் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு ஃபேனுக்குக் கீழே படுத்தே கிடந்தது. முடியோ முடி. தொழுகிற முசல்லாவில் முடி, தேத்தண்ணிக் கோப்பையில் முடி. மனைவி கறுப்பு அபாயாவைப் போட்டுக்கொண்டு கலியாண வீட்டுக்குப் புறப்பட்டாள், முதுகெல்லாம் வெள்ளை.

“இது பூனையா, மெத்தை கிழிஞ்சதா?” என்றாள். “நான் கலியாணத்துக்குப் போறனா, பஞ்சு விக்கப் போறனா?”

மகள் அதைத் தடவினாள், சும்மா சொல்லக்கூடாது. இரண்டு தடவை தடவிவிட்டுச் சாம்பல் பூனையிடம் போய் உட்கார்ந்து, “புதுசா ஒரு ஆள் வந்திரிக்கி, சண்ட பிடிக்காத” என்று புத்தி சொன்னாள். பூனைகள் கேட்கவில்லை. இரண்டும் விறாந்தையில் உருண்டு, வெள்ளையின் மூக்கில் கீறல். விற்றவரிடம் ஃபோனில் கேட்டேன். தெருப் பூனையோடு சேர்த்து வளர்க்க வேண்டாம், தெள்ளும் நோயும் தொற்றும் என்றார். எனக்கு அந்தச் சொல் போதுமாயிருந்தது.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனி எழுத வேண்டியதற்குத்தான் ஏழு வருடம் எடுத்தது. நோய்க்குப் பயந்து நான் அந்தப் பூனையை அப்புறப்படுத்தவில்லை. எனக்கு அதன்மேல் எரிச்சல். என் பிள்ளையின் கதையெல்லாம் அதற்குப் போகிறதே என்று, நாற்பத்து நான்கு வயது மனிதன், ஒரு பூனையின்மேல் பொறாமைப்பட்டேன்.

மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, சாக்குக்குள் இரண்டு கீரிமீனைப் போட்டு வாயைத் திறந்து பிடித்தேன். எத்தனை மாதம் கூப்பிட்டும் என் பக்கம் வராத பூனை அன்று நேரே நடந்து வந்து உள்ளே போனது. என்னை நம்பி வந்தது அதுதான் முதல் தடவை.

கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை எல்லாம் தாண்டி பெரியநீலாவணைக் கடற்கரைக்குப் போனேன். அது மீன்பிடிக்கிற ஊர், பூனைக்குப் பசி வராது, ஆகவே பாவமில்லை என்று வழியெல்லாம் மார்க்கத் தீர்ப்புச் சொல்கிற ஆலிம் மாதிரி எனக்கு நானே பத்வா கொடுத்துக்கொண்டு போனேன். பூனையை அடைத்துப் பட்டினி போட்டு நரகம் போன பெண்ணைப் பற்றிப் பள்ளியில் எத்தனை பயானில் கேட்டிருக்கிறேன்! நான் அடைக்கவில்லையே, அவிழ்த்துத்தானே விடுகிறேன் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். சாக்கை அவிழ்த்தேன். அது ஓடவில்லை. வெளியே வந்து, கடலைப் பார்த்து, முன்னங்காலை நக்கி, பிறகு என்னைப் பார்த்து உட்கார்ந்தது. மோட்டார் சைக்கிளைக் கிளப்பியதும் எழும்பிப் பின்னால் நாலு எட்டு வைத்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கண்ணாடியில் தெரிந்தது.

அன்று லுஹர் தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதேன் என்று எனக்குத் தெரியவில்லை. திருப்பித் தொழுதேன். அதிலும் தெரியவில்லை.

வீட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை. பூனை போகும், வரும்தானே. மகள் மட்டும் கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால், பக்கத்து வளவு எல்லாம் பார்த்தாள். அழவில்லை. இரவுச் சோற்றில் ஒரு பிடி எடுத்து மீனோடு பிசைந்து பின்கதவில், பூனை எப்போதும் சாப்பிடுகிற டின் மூடியில் வைத்தாள். காலையில் எறும்பு மொய்த்ததைக் கழுவிவிட்டு மறுபடி வைத்தாள். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படியே.

நாலாம் நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், நேரே என் முன்னால் வந்து நின்றாள். உம்மா பக்கத்தில் இல்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

“வாப்பா, மோட்டச்சைக்கிள்ல போய்த் தேடிப் பாப்பமா?”

அல்லாஹ்விடம் நான் கேட்டது கிடைத்துவிட்டது. எப்படிப்பட்ட நேரத்தில், எதற்காகக் கிடைத்தது என்று பாருங்கள்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “ஓம் மகள், வாங்க” என்று மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பெரியநீலாவணைக்குப் போகவில்லை, கல்முனைச் சந்தைக்குப் போனேன். மீன் வெட்டுகிற இடத்தில் பத்துப் பூனை நின்றது, ஒவ்வொன்றின் காதையும் அவள் பார்த்தாள். பிறகு பஸ் நிலையம். பிறகு பள்ளி வளவு. அந்தப் பூனை எதிலும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் கதைத்துக் கொண்டே வந்தாள். பூனைக்கு இடி முழக்கம் பயம் என்றும், அது தயிர் குடித்தால் தும்மும் என்றும், வகுப்பில் பக்கத்தில் இருக்கிறவள் பென்சில் அழிறப்பரைத் தின்கிறாள் என்றும் சொன்னாள். எனக்கு வீடு திரும்பவே மனமில்லை.

மறுநாளும் அப்படியே கூட்டிக்கொண்டு சுற்றினேன். இல்லாத இடமெல்லாம் பார்த்துத் தேடினேன். பூனையை விட்டது ஒரு பாவமென்றால், அவள் கதைக்கிறாள் என்ற ஆசையில் அவளை வைத்துச் சுற்றியது அதைவிடப் பெரியது.

கடற்கரைப் பள்ளிக்கு முன்னால் போகும்போது அவள் முதுகில் தட்டினாள்.

“வாப்பா, நில்லுங்க. உள்ள போய் ஒரு துஆக் கேட்டுட்டு வாங்க. நீங்க அஞ்சு நேரமும் தொழுற ஆள்தானே, உங்களுக்கு அல்லா குடுப்பான்.”

மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். இறங்கினேன். உள்ளே போகக் கால் வரவில்லை.

“மகள், துஆக் கேக்கத் தேவல்ல. அது எங்க இரிக்கி எண்டு வாப்பாவுக்குத் தெரியும்.”

“எங்க?”

“பெரியநீலாவணையில. நான்தான் கொண்டு போய் விட்ட.”

முச்சக்கர வண்டி ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

“என்னத்துக்கு?”

“நீங்க அதோடதான் கதைக்கிற. என்னோட கதைக்கிற இல்ல.”

எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்காமல் ஹாண்டிலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கணக்குப் பிழைத்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரிச் சொன்னாள்.

“அது கதைக்கிற இல்ல வாப்பா. அது கேக்கிற. நீங்க கேக்கிற இல்ல, நீங்க சொல்லிக்கிட்டே இருக்கிற. ஃபோன்லயும் அப்படித்தான்.” பிறகு, “இப்ப போவம். இருட்ட முந்திப் போவம்.”

போனோம். பெரியநீலாவணையில் தோணிகள் கரையில் ஏறியிருந்தன. ஒரு அக்கா மணலில் விரித்த சாக்குப் படங்கில் காய்ந்த நெத்தலியை அள்ளிக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, எங்கள் வழக்கத்தில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார்.

“காக்கா, அண்டைக்குச் சாக்கோட வந்த ஆள் நீங்கதானே?”

“ஓம் அக்கா.”

“இஞ்ச மீன் வாங்க ஆக்கள் வாறது. பூனை தர வந்த ஆள் நீங்க ஒராள்தான். மறுகா என்ன கொண்டந்திருக்கீங்க, நாயா?”

தோணிக்குப் பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மகள் முன்னால் வந்தாள்.

“அது எங்கட பூனை. எங்க அது?”

அக்கா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விளங்கிவிட்டது. “ஓ, உன்ட பூனையா மகள்? வாப்பாவுக்குச் சாக்கு மாறிப் போச்சு போல” என்றார். “அங்க பார், தோணி நிழலுக்குள்ள. வந்து அஞ்சு நாள், அதுக்குள்ள எண்ட கருவாட்டுல பாதி போச்சு. ராசா மாதிரி கிடக்கு.”

கிடந்தது. அல்ஹம்துலில்லாஹ், வயிறு உருண்டு, அதற்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை. மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிழிந்த காது திரும்பியது. எழும்பி, உடம்பை வளைத்து நெளித்து, அவசரமில்லாமல் நடந்து வந்து அவள் காலில் உரசியது. என்னைக் கண்டதும் நின்றது. நான் சாக்கை எடுத்துப் பிரித்தேன். முன்கையில் அது போட்ட கோடு இன்றைக்கும் இருக்கிறது. தொழுகைக்கு ஒழு எடுத்துக் கை கழுவுகிறபோதெல்லாம் தெரியும்.

“மறுகாவும் சாக்கா?” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

மகள் தன் ஸ்காஃபில் சுற்றி எடுத்துக்கொண்டாள். அக்கா, பூனையின் வழிச்சாப்பாடு என்று ஒரு பிடி நெத்தலி கடதாசியில் சுற்றித் தந்தார். எனக்கும் அவளுக்கும் நடுவில் பூனை இருக்க, சைக்கிளில் போகிறவர்கள்கூட எங்களை முந்திப் போக, மெதுவாக வீடு வந்தோம். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது மருதமுனையில் நிறுத்தித் தொழுதேன். மகள் பூனையோடு வெளியில் இருந்தாள். அன்று எத்தனை ரக்அத் என்று தெரிந்தது.

வீட்டில் மனைவி என்னைப் பார்த்த பார்வையிலேயே எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் கோபப்பட்டாள், சிரித்தாள், பிறகு என் மானத்துக்குப் பயந்தாள். பக்கத்து வீட்டு ராத்தா மதிலால் எட்டி, “பூனை வந்திட்டா?” என்று கேட்டபோது, “ஓம் ராத்தா, தானா வந்திட்டு” என்றாள். அந்தத் ‘தானா’தான் இப்போது அற்புதமாக, கராமத்தாக வளர்ந்து நிற்கிறது.

பூனை வந்ததோடு எல்லாம் சுகமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடுத்த பதினொரு நாள் மகள் என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. மறுபடி ‘அவங்க’. எனக்கு வேண்டியதுதான். என்ன செய்வதென்று தெரியாமல், வேறொரு கதிரையை விறாந்தையில் பூனையின் கதிரைக்குப் பக்கத்தில் போட்டு, அவள் ஓதிக் காட்டுகிற நேரம் நானும் உட்கார்ந்தேன். வாயைத் திறப்பதில்லை என்று நிய்யத் வைத்துக்கொண்டேன். எனக்கு அது நோன்பைவிடக் கஷ்டம். பூனை கேட்கும், நானும் கேட்பேன். பன்னிரண்டாம் நாள் அவள் ஓரிடத்தில் பிழைத்துவிட்டு, “நில்லுங்க, திருப்பி ஓதுறன்” என்றாள். ‘நில்லு’ இல்லை, ‘நில்லுங்க’. பூனையை யாராவது ‘ங்க’ போட்டுக் கூப்பிடுவார்களா? எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு அவள்தான் ஒரு நாள் சொன்னாள். “வாப்பா, வெள்ளைப் பூனை பாவம். அதுக்கு எங்கட வீடு சரிவராது.” எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். டைல்ஸ் போட்ட வீடு, நாள் முழுக்க ஃபேன். அவருக்குக் கொடுத்தோம். காலையும் மாலையும் சீப்பு வைத்துச் சீவுகிறார். கால் வலியை நினைக்க நேரமில்லை என்கிறார். இரண்டு பேரும் வாசலில் இருந்தால் ஒரே மாதிரி முகம். இதை அவரிடம் சொல்லவேண்டாம்.

ஆகவே, எந்தப் பிராணியை வளர்க்கலாம் என்று என்னிடம் கேட்டு வருகிறவர்களுக்கு நான் பிராணியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. வீட்டில் எத்தனை பேர், பகலில் யார் இருப்பது, முசல்லாவில் முடி விழுந்தால் யார் ஏசுவது, சத்தம் பொறுப்பீர்களா என்று கேட்பேன். அழகைப் பார்த்து எடுக்காதீர்கள், உங்கள் நாளைப் பார்த்து எடுங்கள். ஏற்கனவே ஒன்று உங்கள் வாசலில் வந்து படுத்திருந்தால் அதற்கு ஒரு மூடியில் சோறு வைத்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள். எனக்கு அந்தச் சாம்பல் பூனையால் கிடைத்தது கொஞ்சமல்ல. சுபஹுக்கு பாங்குக்கு முந்தியே வயிற்றில் ஏறி எழுப்பிவிடும். அதற்கு மீன் எடுக்க நடந்து நடந்து இரத்தத்தில் ஏறியிருந்த சீனி வருத்தமும் இறங்கியது. மாதத்தில் ஒரு தரம் மகளும் நானும் பெரியநீலாவணை அக்காவிடம் போய்க் கருவாடு வாங்குவோம். “இண்டைக்குச் சாக்கு கொண்டரல்லையா?” என்று கேட்காமல் அவர் நிறுப்பதில்லை.

மகளுக்கு இப்போது பதினான்கு வயது. பூனை கிழடாகிவிட்டது, ஆனால் கதிரை இன்னும் அதனுடையதுதான்.

போன மாதம் வயல் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு வயற்காரர் என்னைத் தேடி வந்தார். “ஹாஜியார், எண்ட எருமை மூணு நாளாக் காணல்ல. உங்கட துஆவுக்குப் பூனை கடல் பக்கமிருந்து நடந்து வந்ததாமே. எனக்கும் ஒண்டு கேளுங்க” என்றார். நான் ஹஜ்ஜுக்கும் போனதில்லை. இருந்தும் துஆக் கேட்டேன், அதில் பிழையில்லை. ஆனால், “பூனை எத்தின நாள்ல வந்த?” என்று அவர் கேட்டபோது, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, “அஞ்சு நாள்” என்று மட்டும் சொன்னேன். கணக்கு சரிதான். அவர் கண்கலங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மகள் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

“வாப்பா, எருமையையும் மோட்டச்சைக்கிள்லயா ஏத்தப் போறீங்க?”

சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. தன்னுடைய பழைய கொப்பி ஒன்றையும் பேனையையும் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

“உள்ளபடி எழுதுங்க. நான் கேக்கிறன்.”

எழுதி எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பூனையும் பக்கத்தில் இருந்தது. ‘பொறாமைப்பட்டேன்’ என்ற இடத்தில் நான் வேறு சொல் போட்டிருந்தேன். அவள் வெட்டச் சொன்னாள், வெட்டினேன். எருமை தானாக வந்துவிட்டதாம். அது என் துஆவாலா என்பது அல்லாஹ்வுக்கே தெரியும். இந்தக் கொப்பி முடிந்ததும் முதலில் அந்த வயற்காரர் வீட்டுக்குத்தான் கொண்டு போவேன்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். பிராணி வளர்க்க நினைக்கிறவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிற வாப்பாமாருக்கும் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் என்னை நல்லவனாக்கிச் சொல்லாதீர்கள். சாக்கைச் சொல்லாமல் விடாதீர்கள், கீரிமீனை விடாதீர்கள், இல்லாத இடத்தில் இரண்டு நாள் தேடியதையும் விடாதீர்கள். பூனையை நடக்க வைக்காதீர்கள். அது என் பின்னால் நடந்தது நாலு எட்டுத்தான்.